முதல் நாலு நிமிஷம்

பச்சைப் பொத்தானை அமுக்கியாச்சு. மணி பத்து நாப்பது. இனிமே நான் இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்கக் கூடாது, காலை ஆட்டக் கூடாது, தும்மல் வந்தாலும் துப்பட்டாவை வாயில அடைச்சுக்கணும். வாசல்ல போர்டு மாட்டியாச்சு, சோதனை நடக்குது, கதவைத் திறக்காதீங்கன்னு. ஃபேனை நிறுத்தியாச்சு. ஏசி இருபத்தி நாலுல நிக்குது, அது சொட்டுற தண்ணிக்கு வச்ச பக்கெட்டு மட்டும் டொக்கு டொக்குன்னு கேக்குது, அதை நிறுத்த என்னால முடியாது. மெஷினோட ரெண்டு தாடையும் மெதுவா விலகிட்டிருக்கு, கண்ணுக்குத் தெரியாது, நம்பர்தான் சொல்லும். நிமிஷத்துக்கு அஞ்சு நியூட்டன். ஆறு நிமிஷத்துல முப்பதைத் தொடும். தொட்டதும் தாடை அப்படியே நிக்கும், பொறவு ஒரு மணி நேரத்துக்கு நகரவே நகராது. சுகந்தி, நல்லா ஞாபகம் வச்சுக்க, இன்னிக்கு நடுவுல மாட்டியிருக்கறது உன்னோட உலோகக் கண்ணாடி இல்லை, வெறும் எஃகு. வொர்க்‌ஷாப்புல இடைவெளி அளக்கறதுக்கு விசிறி மாதிரி விரியற ஃபீலர் கேஜ் வச்சிருப்பாங்களே, அதுல இருக்கறதுலயே மெல்லிசான இலையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கி, ரெண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, என் கண்ணாடி நாடாவை எப்படி ஒட்டுவேனோ அதே மாதிரி, அதே பசையில, ரெண்டு முனையையும் அலுமினியப் பட்டையில ஒட்டி, அதே இருபது நிமிஷம் காய வச்சு மாட்டியிருக்கேன். இந்தச் சூட்டுல, இந்த இழுப்புக்கு, ஒரு மணி நேரத்துல எஃகு அசையாது. அப்ப திரையில வர்ற கோடு முப்பதுலயே நேரா ஓடணும். ஓடுச்சுன்னா மூணு வருஷமா நான் பாத்தது நிஜம், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கட்டுரையோட ப்ரூஃபைச் சரின்னு சொல்லி அனுப்பிட்டு, முப்பதாம் தேதி தீஸிஸைக் கொடுத்துட்டு, லீவு போட்டு வந்த காலேஜுக்கே திரும்பிப் போயிருவேன். கோடு விழுந்துச்சுன்னா நான் மூணு வருஷமா அளந்தது கண்ணாடியை இல்லை, பசையை. அவ்வளவுதான் விஷயம், இதுல பூசி மெழுக ஒண்ணுமில்லை. இப்ப நாலு நியூட்டன்.

கண்ணாடின்னாலே எல்லாரும் முகம் பாக்கறதுன்னு நினைச்சுக்கறாங்க. எங்க அத்தை போன தீபாவளிக்குக் கூட, ஏம்மா சுகந்தி, அந்தக் கண்ணாடி இன்னுமா உடையலைன்னு கேட்டாங்க, அவங்களுக்கு அது கேலி, எனக்குச் சோறு இறங்கலை. என் பொண்ணு இதழினிக்குத்தான் நான் ஒழுங்காச் சொல்லியிருக்கேன், ஆறு வயசுக்கு அவளுக்குப் புரிஞ்சது அத்தைக்குப் புரியலை. ஸ்டாச்சு விளையாடுவீங்கல்ல கண்ணு, எல்லாரும் ஓடிக்கிட்டிருக்கும்போது ஒருத்தி ஸ்டாச்சுன்னு கத்துவா, யார் யார் எப்படி இருந்தாங்களோ அப்படியே உறைஞ்சு நிக்கணும், ஒருத்தன் ஒத்தைக் கால்ல, ஒருத்தி கொட்டாவி விட்டபடி. சாதா உலோகத்துல அணுவெல்லாம் பிரேயர்ல நிக்கற மாதிரி வரிசையா நிக்கும். நாங்க பண்றது வேற. உருகின உலோகத்தை, தலை தெறிக்கச் சுத்தற தாமிரச் சக்கரத்து மேல பீய்ச்சி அடிச்சா, வரிசையில நிக்க நேரமே கொடுக்காம, இமைக்கறதுக்குள்ள உறைஞ்சு ஜிகினா நாடாவாப் பறந்து வந்து விழும். உள்ளே அத்தனை அணுவும் ஸ்டாச்சு, அதைத்தான் உலோகக் கண்ணாடின்னு சொல்றோம். அந்த நாடாவை இழுத்துப் பிடிச்சு வச்சா, வெளியில பாக்க ஒரு மயிரிழை நீளமோ குட்டையோ ஆகாது, ஆனா உள்ளே எவ்வளவு நேரம் ஒத்தைக் கால்ல நிப்பான், முட்டி லேசா மடங்கும், ஒருத்தன் மடங்கினா பக்கத்துல இருக்கறவனுக்கு இடம் கிடைக்கும், இப்படி ஒவ்வொருத்தனா வசதி பண்ணிக்க, இழுக்கற விசை கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். தளர்வுன்னு பேரு அதுக்கு. நான் கண்டுபிடிச்சது என்னன்னா அது ரெண்டு படியாத் தளருது. முதல் நாலு நிமிஷத்துல சட்டுன்னு ஒரு இறக்கம், முப்பதுல பாயிண்ட் ஒம்பது போயிரும், பொறவு மீதி நேரமெல்லாம் ஆடி அசைஞ்சு ஒரு அரை நியூட்டன். அந்த முதல் இறக்கத்தை எங்க உலோகத்துல, இந்தச் சூட்டுல, இவ்வளவு தெளிவா யாரும் காட்டலைன்னு வேதமூர்த்தி சார் சொன்னாரு. என் கைடு அவரு, லேசுல பாராட்டற ஆள் இல்லை, பாராட்டினா மழை வரும்னு லேப்ல கூட வேலை பண்ற நசீரும் நானும் பேசிக்குவோம். அவரு எட்டு ஊர் ஆளுங்க உக்காந்திருந்த கருத்தரங்கு மேடையில என்னை எந்திரிச்சு நிக்கச் சொல்லி, இந்த முதல் நாலு நிமிஷம் இவ பேருல நிக்கும்னு சொன்னாரு. முப்பத்தாறு வயசுல, பசங்களுக்கு மெட்டீரியல்ஸ் பாடம் எடுத்துக்கிட்டிருந்தவ, பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து ஊர் வர்ற வரைக்கும் அழுதேன். பதினாறு. பதினேழு. பாதி தூரம் தாண்டிருச்சு.

விரல்ல பசை வாசம் இன்னும் போகலை. ரெண்டு டியூப்ல இருந்து சமமாப் பிதுக்கி, குச்சியால குழைச்சா ஒரு மாதிரி மீன் கழுவின தண்ணி வாசம் அடிக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் சோத்துல கை வைக்கும்போது வந்துரும். இதழினி என் கையை மோந்து பாத்துட்டு, அம்மா லேபுக்குப் போனியான்னு கேப்பா. முதல்ல நாங்க ஒரு நாள் பசைதான் வச்சிருந்தோம், ஒட்டினா இருபத்தி நாலு மணி நேரம் காயணும், ஒரு நாளைக்கு ஒரு நாடாதான் ஆகும். இவளை நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து கூப்பிடணும், மூணரைக்கு நான் கேட்டைத் தாண்டியாகணும், வீட்டுக்காரர் பூபதிக்கு ஷிஃப்டு மாறிக்கிட்டே இருக்கும், அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது. உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்தேன், இந்த வேகத்துல போனா இவ அஞ்சாவது படிக்கும்போதுதான் நான் தீஸிஸ் கொடுப்பேன். அப்பத்தான் அஞ்சு நிமிஷப் பசை வாங்கிட்டு வந்தேன். அட்டையில பெரிய எழுத்துல அஞ்சு நிமிஷம்னு போட்டிருந்துச்சு, அடியில பொடி எழுத்துல முழு பலம் ஒரு நாளுக்குப் பொறவுன்னும் போட்டிருந்துச்சு, அதையும்தான் படிச்சேன், படிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். உடையாமப் பிடிச்சா போதாதான்னு நினைச்சேன். பிடிச்சுது. ஒரு நாடா கூடக் கழண்டு வரலை. கட்டுரையில எபாக்ஸி பசையால ஒட்டப்பட்டதுன்னு ஒரே வார்த்தையில எழுதினேன், பொய் இல்லை, ரெண்டுமே எபாக்ஸிதான். மிச்சமான டியூபை வீட்டுக்குக் கொண்டு போயி, இதழினி ஸ்கூல் பையை மாட்டறதுக்கு ஹால் சுவத்துல ஒரு கொக்கி ஒட்டினோம், ஜனவரியில. அவ புருவத்துக்கு நேரா வரட்டும்னு அவளை நிக்க வச்சு, பூபதி பென்சில்ல ஒரு கோடு கிழிச்சு, கோட்டு மேல கொக்கியை வச்சு அமுக்கினாரு. அது மேற்குச் சுவரு, வெயில் வந்தா தோசைக்கல்லு. போன ஞாயித்துக்கிழமை காலையில நான் இட்லி மாவு கலக்கிக்கிட்டிருக்கேன், இவ ஹால்ல இருந்து கூப்பிடறா.

"அம்மா, நான் பெரிய ஆளாயிட்டேன். கொக்கி என் புருவத்துல இருந்துச்சுல்ல, இப்பப் பாரு, கண்ணுக்கு வந்துருச்சு."

வந்துதான் இருந்துச்சு. அவ வகுப்புலயே குட்டை இவதான், பிரேயர்ல எப்பவும் முதல் ஆளா நிக்க வைப்பாங்க, அது அவளுக்கு ஒரு குறை. நான் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து குனிஞ்சு பாத்தேன், பாத்தா கொக்கிக்கு மேல, வெறும் சுவத்துல, பூபதி கிழிச்ச பென்சில் கோடு தனியா நிக்குது. ஸ்கேல் வச்சு அளந்தேன். ஒரு சென்டிமீட்டர் கொக்கி இறங்கியிருக்கு. இவளை நிக்க வச்சு அளந்தேன், ஒரு சென்டிமீட்டர் வளந்திருக்கா. ரெண்டும் சேந்து ரெண்டு, இவளுக்கு ரெண்டும் தன்னோட வளர்த்தி. அவ கிட்ட இருந்து பாத்தா கொக்கி இறங்கினதும் தான் வளந்ததும் ஒரே மாதிரிதானே தெரியும், யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது, அந்தப் பென்சில் கோடு இல்லைன்னா. என் மெஷினுக்குப் பென்சில் கோடு எங்கே? தாடை நகரலைங்கறதுதான் எனக்குத் தெரியும், தாடைக்கும் நாடாவுக்கும் நடுவுல இருக்கற பசை நகந்துச்சா இல்லையான்னு என்னிக்காவது பாத்தேனா? அவ கிட்ட அந்தக் கோட்டைக் காட்டலை. ஆமா கண்ணு, நீ வளந்துட்டேன்னு சொல்லிட்டு இட்லி ஊத்தப் போயிட்டேன். நேத்து அவளே மிஸ் கிட்டச் சொல்லி வரிசையில ரெண்டாவது ஆளாப் போயி நின்னுட்டு வந்திருக்கா. சார் கிட்டக் கொக்கிக் கதையைச் சொன்னதுக்குச் சிரிச்சாரு, வீட்டுச் சுவத்துல இருந்தெல்லாமா ரெவ்யூ வருதுன்னாரு. ஜர்னல்ல மூணு பேரு படிச்சுட்டு ஏத்துக்கிட்டாங்க, ஒருத்தரும் பசையைப் பத்திக் கேக்கலை, கேக்காத கேள்விக்குப் பதில் தேடற முதல் ஆள் நீதான்னாரு. ஆனா வேண்டாம்னு சொல்லலை. பண்ணிப் பாரு, அஞ்சு மணிக்கு ப்ரூஃப் போயிரணும்னு மட்டும் சொன்னாரு. இருபத்தொம்பது. முப்பது. தாடை நின்னுருச்சு, மோட்டார் சத்தம் அடங்கிருச்சு, பக்கெட்டு மட்டும்தான் கேக்குது.

முப்பது. முப்பது. இருபத்தொம்பது புள்ளி ஒம்பது எட்டு, அது சும்மா, நம்பர் கொஞ்சம் துள்ளத்தான் செய்யும். ஒம்பது அஞ்சு. எஃகே, நில்லு. ஒம்பது ஒண்ணு. நில்லுங்கறேன். என்ன கெரகம் இது, நான் யார் கிட்டப் பேசறேன், எஃகு நிக்கத்தான் செய்யும், அதுக்கு ஒரு கோளாறும் இல்லை. அஞ்சு ஏழு. ஒரு நிமிஷம்தான் ஆகுது. பிடி வழுக்குதோ, தாடை சரியா முறுக்கலையோ. இல்லை, வழுக்கினா வெடுக்குன்னு ஒரு பல்லு விழும் கோட்டுல, இது வழுவழுன்னு இறங்குது, இந்த வளைவை எனக்குத் தெரியும், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் காத்துல வரைஞ்சு காட்டுவேன், ஐம்பத்திரண்டு நாடாவுல பாத்த வளைவு. சூடு ஏறியிருக்குமோ, உஷ்ணமானி இருபத்தி நாலு புள்ளி ஒண்ணு, காலையில இருந்து அதேதான். விசை அளக்கற செல்லு பொய் சொல்லுதோ, போன வாரம்தான் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சரி பாத்தேன், நானே பாத்தேன், நசீர் எழுதினான். ரெண்டு நிமிஷம், புள்ளி மூணு நாலு. மூணு நிமிஷம். கண்ணை மூடிக்கிட்டா குறையாதா, மூடினேன், தொறந்தேன், குறைஞ்சுதான் இருக்கு. நாலு நிமிஷம். இருபத்தொம்பது புள்ளி ஒண்ணு ஏழு. பாயிண்ட் எட்டு மூணு போயிருச்சு. கண்ணாடியில பாயிண்ட் ஒம்பது. எஃகுல பாயிண்ட் எட்டு மூணு. போச்சு. என் பேருல நிக்கப் போற நாலு நிமிஷம் ஒரு பசை டியூபோட நாலு நிமிஷம். அழுகை வரலை, ஏன்னு தெரியலை, ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும் போல.

வலது கைக்கு எட்டற தூரத்துல சிவப்புப் பொத்தான். அதை அமுக்கினா சோதனை பாதியில நின்னுரும், பாதியில நின்னதை மெஷின் சேத்து வைக்காது, கேட்டா நாடா கழண்டுருச்சுன்னு சொல்லிக்கலாம். உள்ளே எஃகு இருக்குங்கறது எனக்கும் சாருக்கும்தான் தெரியும். சாயங்காலம் சரின்னு ப்ரூஃப் போகும், முப்பதாம் தேதி தீஸிஸ் போகும், யாராவது ஒருத்தன் அஞ்சு வருஷம் கழிச்சு வேற பசையில பண்ணிப் பாத்துட்டு எங்களுக்கு இது வரலைன்னு எழுதுவான், அப்ப நான் காலேஜுல வருகைப் பதிவேடு பாத்துக்கிட்டிருப்பேன். எத்தனை சுலபம். சுகந்தி, கையை மடியில வை. வச்சேன். இன்னும் அம்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு, ஏன் உக்காந்திருக்கேன், பதில்தான் வந்துருச்சே. ஏன்னா பாதிச் சோதனை சோதனையே இல்லை, நாலு நிமிஷத்துக்குப் பொறவு எஃகு என்ன பண்ணுதுன்னு தெரியாம என் கண்ணாடியில எது மிச்சம்னு சொல்ல முடியாது. சரி, உக்காரு. உக்காந்தா மனசு சும்மா இருக்குதா, அது நேரா நோட்டுப் புத்தகத்துக்குப் போகுது, நாப்பத்தி ஒண்ணாம் பக்கத்துக்கு. வேண்டாம். அதை நினைக்காதே. சக்கரத்தைத் தேய்ச்ச வாரம் அது. அதுக்கு முன்னாடி பதினொரு நாடா, ஒண்ணுல கூட அந்த முதல் இறக்கம் கிடையாது. மெதுவா ஆடி அசைஞ்சு இறங்கின கோடுங்க. அப்ப தாமிரச் சக்கரத்துல கீறல் விழுந்திருந்துச்சு, அதைக் கழட்டிப் பளபளன்னு தேய்ச்சு மாட்டினோம், பன்னிரண்டாவது நாடாவுல இருந்து இறக்கம் வந்துச்சு. நான் குதிச்சேன், சக்கரம் சுத்தமானதால நாடா சுத்தமாயிருச்சு, அதனாலதான் உள்ளே இருக்கறது தெரியுதுன்னு. பழைய பதினொண்ணும் மோசமான நாடான்னு சிவப்பு மையில குறுக்கே கோடு போட்டேன். அதே வாரம்தான் பசையையும் மாத்தினேன். ஒரே வாரத்துல ரெண்டை மாத்திட்டு, ஜெயிச்ச பேரைச் சக்கரத்துக்குக் கொடுத்துட்டேன். முதல் வருஷப் பசங்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தேன், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்கடான்னு, அதை எழுதாதவனுக்கு மார்க்கு குறைச்சேன். பசை மாத்தினதை நோட்டுல எழுதியிருக்கேன், மறைக்கலை, ஆனா எங்கே எழுதினேன், பக்கத்து ஓரத்துல, பால் பாக்கெட்டு வாங்கணும்னு எழுதற மாதிரி சின்னதா. ஏன்னா அது ஆராய்ச்சி இல்லைன்னு நினைச்சேன், வீட்டுக்குச் சீக்கிரம் போற ஏற்பாடுன்னு நினைச்சேன். அதுதான் எரியுது எனக்கு. புள்ளையைக் கூப்பிடப் போறதுல என்ன வெக்கம்? வெக்கப்பட்டதால ஓரத்துல எழுதினேன், நடுப் பக்கத்துல எழுதியிருந்தா என்னிக்கோ கண்ணுல பட்டிருக்கும்.

பதினோரு மணி இருபது. கதவுல இருக்கற சின்னக் கண்ணாடி வழியா நசீர் எட்டிப் பாத்துட்டுப் போறான், கையில டீ. கட்டை விரலைத் தூக்கிக் காட்டுறான், நான் ஆடாம உக்காந்திருக்கேன், சோதனை நல்லாப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டான். இந்தக் கட்டுரையில எக்ஸ்ரே வேலையெல்லாம் அவனோடது, ரெண்டாவது பேரு அவனுது, வெள்ளிக்கிழமை பெங்களூருல இன்டர்வியூ, பயோடேட்டாவுல முதல் வரியே இதுதான். அவனுக்கு நான் என்ன சொல்ல? எக்ஸ்ரேயில தப்பில்லை நசீர், உன் பங்கு சுத்தம், என் பங்குதான் பசை. அதைச் சொன்னா அவன் சிரிப்பான், எல்லாத்துக்கும் சிரிப்பான், சிரிச்சுட்டு ஹாஸ்டலுக்குப் போயி பேசாமப் படுத்துக்குவான். முப்பதாம் தேதிக்கு மேல எனக்கு நீட்டிப்பு கிடையாது, மூணு தடவை வாங்கியாச்சு, நாலாவதுக்கு வைஸ் சான்ஸலர் வரைக்கும் போகணும். தீஸிஸ்ல நாலாவது அத்தியாயத்துல பாதி போயிருச்சு. பாதியா? இரு, இரு, ஏன் பாதின்னு சொன்னேன். திரையைப் பாரு. நான் நோட்டுலயும் வெக்கத்துலயும் சுத்திக்கிட்டிருந்த இந்த அரை மணி நேரம் எஃகு என்ன பண்ணிக்கிட்டிருக்கு? இருபத்தொம்பது புள்ளி ஒண்ணு ஒண்ணு. நாலாவது நிமிஷத்துல ஒண்ணு ஏழு இருந்துச்சு. அவ்வளவுதான் இறங்கியிருக்கு. பசை அவசரப்பட்டு நாலு நிமிஷத்துல இறங்கிட்டு அடங்கிருச்சு. என் கண்ணாடி அடங்கலை, அது அதுக்கப்பறமும் அரை நியூட்டன் இறங்கிக்கிட்டேதான் போச்சு, ஐம்பத்திரண்டு நாடாவுலயும். பழைய பதினொண்ணுலயும். சிவப்பு மையில அடிச்ச பதினொண்ணுலயும் அந்த மெதுவான இறக்கம் இருந்துச்சு, அதைத்தானே மோசமான நாடான்னேன். மோசமில்லை. அதுதான் நல்ல நாடா. எல்லாரும் அண்ணாந்து பாத்த முதல் படி பசை, ஒருத்தரும் திரும்பிப் பாக்காத ரெண்டாவது படி நிஜம். கத்தணும் போல இருக்கு, கத்த முடியாது, இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கு. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே, அவசரப்படாதே, அவசரப்பட்டுத்தான் இத்தனையும். நேத்தே ஒரு கண்ணாடி நாடாவையும் ஒரு எஃகு இலையையும் ஒரு நாள் பசையில ஒட்டி அலமாரியில வச்சிருக்கேன், நாளைக்குக் காலையிலதான் அதைத் தொடணும். நாளைக்கும் அந்த மெதுவான இறக்கம் இருந்தாத்தான் அது இருக்கு.

முடிஞ்சுருச்சு. மணி பதினொண்ணு நாப்பத்தாறு. இருபத்தொம்பது புள்ளி பூஜ்யம் எட்டு. சேத்து வச்சேன், எஃகு ஒண்ணுன்னு பேரு போட்டு, பசை பேரையும் முழுசா, நடுப் பக்கத்துல, பெரிய எழுத்துல நோட்டுல எழுதினேன். பொறவுதான் கால் மரத்துப் போனது தெரிஞ்சுது. நொண்டிக்கிட்டே ஜன்னல் கிட்டப் போயி சாருக்கு போன் போட்டேன், ஒரே ரிங்குல எடுத்துட்டாரு, அவரும் போனைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.

"சார், எஃகும் விழுந்துருச்சுங்க."

"எவ்வளவும்மா?"

"நாலு நிமிஷத்துல பாயிண்ட் எட்டு மூணுங்க சார். நம்மளுது பாயிண்ட் ஒம்பது."

வழுக்கியிருக்குமா, சூடு ஏறியிருக்குமான்னு நான் கேட்டுக்கிட்டதையே வரிசை மாறாமக் கேட்டாரு, ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேன். முழு ஒரு மணி நேரமும் ஓட விட்டியான்னு கேட்டாரு, விட்டேன்னு சொன்னேன். அப்பறம் அவரு ரூம்ல ஃபேன் சுத்தற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"நான் ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா."

அறுபது வயசு நெருங்கற மனுஷன், குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. பசையை மாத்தினது நான்தாங்க சார், நானே எழுதிடறேன், என் தப்புன்னே எழுதிடறேன்னு சொன்னேன். ரெண்டாவது படியைப் பத்தியும் சொன்னேன், அந்த மெதுவான அரை நியூட்டன்ல பசைக்குப் பங்கு பாயிண்ட் ஒண்ணு கூட இல்லை, பாயிண்ட் நாலு கண்ணாடியோடதுன்னு, நாளைக்கு ஒரு நாள் பசையில திரும்பப் பாக்கறேன்னு, முப்பதாம் தேதி போனாப் போகட்டும், வைஸ் சான்ஸலர் வாசல்ல போயி நிக்கறேன்னு. அவரு கேட்டுக்கிட்டாரா இல்லையான்னு தெரியலை.

"கட்டுரையை நிறுத்தச் சொல்லி அஞ்சு மணிக்குள்ள எழுது. நான்னு எழுதாதே, நாங்கன்னு எழுது. கையெழுத்து என்னுதும் தான் இருக்கு."

போனை வச்சுட்டாரு. கதவைத் தொறந்து போர்டைக் கழட்டினேன், நசீர் உள்ளே வந்து திரையைப் பாத்தான், எஃகுன்னு எழுதியிருக்கற பேரைப் பாத்தான், அவனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிரிக்கலை. வெள்ளிக்கிழமைக்குள்ள பயோடேட்டாவுல அந்த முதல் வரியை எடுத்துடறேன்க்கான்னு சொன்னான். ஏசிக்கு அடியில நிறைஞ்சிருந்த பக்கெட்டைத் தூக்கிட்டுப் போயி கொட்டிட்டு வந்து வச்சான். நான் உக்காந்து கடிதத்தை எழுத ஆரம்பிச்சேன், முதல் வரி எழுதி அடிச்சு, திரும்ப எழுதி, ஒண்ணே கால் மணிக்கு மூணு வரி நின்னுச்சு. நாங்கள் அளந்த முதல் இறக்கம் உலோகக் கண்ணாடியினுடையது அல்ல, ஒட்டிய பசையினுடையது. அனுப்பு பொத்தானை அமுக்கினேன். மூணரைக்குக் கேட்டைத் தாண்டணும். ஸ்கூல் வாசல்ல இதழினி ஓடி வருவா, இன்னிக்கும் ரெண்டாவது ஆளா நின்னேன்னு சொல்லுவா, என் கையை மோந்து பாப்பா. வீட்டுக்குப் போனதும் ஸ்கேலை எடுத்துட்டு அவளை அந்தச் சுவத்து கிட்டக் கூட்டிட்டுப் போவேன், அப்பா கிழிச்ச பென்சில் கோட்டை அவ விரலை வச்சுத் தொடச் சொல்லுவேன். முகம் சுருங்கும், உதடு பிதுங்கும், நாளைக்குப் பிரேயர்ல திரும்ப முதல் ஆளாப் போயி நிக்கணுமேன்னு அழுவா. அழட்டும். அழுது முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்துட்டுச் சொல்லுவேன், நீ வளந்தது ஒரு சென்டிமீட்டர்தான் கண்ணு, ஆனா அது முழுக்க உன்னுது.